ஆவணி வரை உயிரோடு இருந்த பக்கம்

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆன பிறகு, கடைசியாக வேலை பார்த்த கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இருபது நிமிடம் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே வைத்திருந்தார்கள்: கேச் காலாவதி. அதையெல்லாம் இப்போது ஃபிரேம்வொர்க் என்கிற ஆயத்த நிரல் தொகுப்பே பார்த்துக்கொள்கிறதே, பிறகு நான் எதற்கு என்று கேட்டேன். "அது பார்த்துக்காத காலத்துல நீங்க என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க சார்" என்றார்கள். போனேன். பாதி சொல்வதற்குள் டீ வந்துவிட்டது. டீக்குப் பிறகு யாரும் பழைய இடத்தில் உட்காரவில்லை. ஆகவே முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் படித்தது வேதியியல். 1996-இல் தேனியில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆறு மாதப் படிப்பு. அதில் நான்கு மாதம் கரண்ட் இருந்தது. பிறகு ஒரு நூற்பாலையில் வருகைப் பதிவேட்டையும் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பட்டியலையும் தட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் பெங்களூருக்குப் போனபோது நானும் போய், மூன்று மாதத்தில் திரும்பி வந்தேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

2003-இல் தேனியிலேயே ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். நான்கு கம்ப்யூட்டர், மூன்று பேர். மேலாளர் ராஜாங்கம் சார், தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் பழுது பார்த்துவிட்டு வந்தவர். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. தெரியாது என்பதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். புகார் எது வந்தாலும் முதலில் அதில் எழுத வேண்டும், அப்புறம்தான் கம்ப்யூட்டரில் கை வைக்கலாம். யார் பார்த்தது, எந்த மிஷினில், என்ன பார்த்தது, எத்தனை மணிக்கு. கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டம் இருக்கும்: யார் கடிகாரத்தில்.

நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு உரக்கடைக்காரர் ரசீது வரவில்லை என்று போன் பண்ணினார். நான் உடனே கிளம்பப் போனேன். சார் நோட்டைத் தள்ளினார். எழுதினேன். மணி பதினொன்று என்றேன். "யாரு கடிகாரத்துல?" என்றார். கடைக்காரர் சொன்னது என்றேன். "அவரு கடிகாரம் பத்து நிமிசம் முன்னால ஓடும். அவரே வச்சது. பேங்குக்கு லேட்டாப் போகக் கூடாதுன்னு." இதற்கும் ரசீதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "இன்னைக்கு இல்ல" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

2007-இல் ஒரு திருமணத் தகவல் மையம் எங்களிடம் வந்தது. அதுவரை எல்லாம் நோட்டில்தான் நடந்தது. வரன் விவரங்களை இணையத்தில் போட வேண்டும், ஆனால் சர்வர் வெளியூரில் இருக்கக் கூடாது என்றார் முதலாளி. "நம்ம ஊருப் பொண்ணுக விவரம் அமெரிக்காவுல போயி எதுக்குக் கெடக்கணும்?" அதற்கு நான் சொன்ன பதில் எதுவும் எடுபடவில்லை. அவர்கள் அலுவலகத்திலேயே ஒரு மேசையில் சர்வரை வைத்தோம். பிரிண்டரும் அதில்தான் மாட்டியிருந்தது. வரன் பதியும் மரகதம் அக்கா அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். பதிந்ததும் தேதியும் மணியும் அச்சாகி ஒரு சீட்டு வரும். அதைக் குங்குமம் தொட்டுக் கொடுப்பார்.

ஒரே மிஷினில் எல்லாம் ஓடியதால் பக்கங்கள் மெதுவாக வந்தன. ஆகவே கேச் வைத்தேன். "நர்ஸ் வேலை பார்க்கும் பெண்கள்" என்று ஒருவர் பட்டியலைக் கேட்டால், ஃபிரேம்வொர்க் தரவுத்தளத்தில் தேடி அடுக்கி ஒரு பக்கம் செய்யும். செய்த பக்கத்தை ஒரு கோப்பில் போட்டுவைத்து, அரை மணி நேரத்துக்கு யார் கேட்டாலும் அதையே கொடுக்கும். காலையில் வைத்த சாம்பாரை மதியத்துக்கும் ஊற்றுவது மாதிரிதான். எப்போது கீழே கொட்ட வேண்டும் என்பது கோப்பின் முதல் வரியில், நொடிகளில் எண்ணிய ஒரு பத்து இலக்க எண்ணாக இருக்கும். அந்த நேரம் தாண்டியதும் புதுப் பக்கம். கையேட்டில் இரண்டு பத்தி. படித்தேன், அப்படியே செய்தேன்.

ஒரு மாதம் கழித்துப் புகார்கள் ஆரம்பித்தன. பதிந்த பெயர் ஒரு மணி நேரமாகியும் பட்டியலில் வரவில்லை. எடுத்த பெயர் இன்னும் நிற்கிறது. தினமும் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் கேச் கோப்புகளை மொத்தமாக அழித்துவிடுவேன். உடனே சரியாகிவிடும். சரியானதும் ஒரு திருப்தி வரும். எதனால் என்று பார்க்க வேண்டிய தடயத்தை நானே பெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நோட்டில் வரிசையாக எழுதி வந்தேன். வெள்ளி 11.45. புதன் 1.15. வியாழன் 2.50. செவ்வாய் 4.20. சனி 10.15. ஞாயிறு சாயங்காலம் 5.40. திங்கட்கிழமை மட்டும் ஒரு புகாரும் இல்லை. கூட்டம் அதிகமாகும் நேரமா என்று பார்த்தேன், இல்லை. மின்வெட்டா என்று பார்த்தேன். அந்த வருடங்களில் மின்வெட்டு எல்லா நேரத்திலும் இருந்தது, எதனோடு ஒப்பிட்டாலும் பொருந்தும். நினைவகத்தை மாற்றினேன். ஃபிரேம்வொர்க்கின் அடுத்த பதிப்பைப் போட்டேன். அதில் வேறு இரண்டு பிழைகள் வந்தன, பழையதும் போகவில்லை. சார் நோட்டைப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழம அந்த மிஷினு நல்லாத் தூங்கி எந்திரிச்சு வருதோ?" என்றார். அவர் கேலி செய்கிறாரா என்பது முகத்தில் ஒருபோதும் தெரியாது.

2008 ஆடி பிறந்ததும் புகார்கள் நின்றன. ஆடியில் யார் வரன் பதியப் போகிறார்கள்? நான் ஏதோ சரி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆடிப்பெருக்கு முடிந்த மூன்றாம் நாள், அனுமந்தன்பட்டியிலிருந்து முத்தையா மையத்துக்கு வந்தார்; முதலாளி கூப்பிட்டதும் நோட்டோடு சாரும் நானும் போனோம்.

அவர் மகள் கவிதா தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் பட்டியல் மூலமாகவே கடமலைக்குண்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அமைந்தார். ஆனியில் பேசி முடித்துப் பூவும் வைத்துவிட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம். நடவு வேலை முடிந்து, ஆடி மூன்றாம் தேதி மதியம் முத்தையா வந்து மகள் பெயரை எடுக்கச் சொன்னார். மரகதம் அக்கா எடுத்துவிட்டார். இப்போது கையில் ஒரு காகிதத்தோடு நின்றார். ஆண்டிபட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் மாப்பிள்ளையின் சித்தப்பா அச்செடுத்தது. மூன்றாவது வரிசையில் கவிதா. காகிதத்தின் அடியில் ஆடி பதினேழாம் நாளின் தேதி.

"அன்னைக்கே வந்து எடுங்கன்னு சொன்னேன்ல சார். இந்த அக்காவும் எடுத்தாச்சுன்னு சொன்னாக. இப்பக் கேக்காக, பூ வச்ச பெறகும் வேற எடம் பாக்கீகளான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

முதலாளி அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"எடம் தவறிப்போனாக்கூடப் பரவால்ல. எம்பொண்ணு ரெண்டு எடத்துல காலு வச்சவன்னு ஊருல பேசிப்புட்டாகன்னா, அது ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகும், எப்படி வரும்?"

நான் அலுவலகத் திரையில் பார்த்தேன். கவிதா இல்லை. அந்தத் திரை நேராகத் தரவுத்தளத்தைப் படிக்கும், கேச்சைத் தொடாது. பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்தாள். பதினெட்டு நாளாக எங்களுக்கு மட்டும் அவள் இல்லை, ஊருக்கெல்லாம் இருந்திருக்கிறாள். என் கை பழக்கதோஷத்தில் கேச்சை அழிக்கப் போனது. பின்னால் நின்ற ராஜாங்கம் சார் தோளைத் தொட்டார்.

"அழிச்சுப்புட்டா இவரு சொன்னது பொய்யின்னு ஆயிரும். அது பாட்டுக்கு இருக்கட்டும். மொதல்ல என்னான்னு பாரு."

ஒரு வருடத்தில் முதல் முறையாக நான் கோப்பைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் பத்து இலக்கம். அதைத் தேதியாக மாற்றிக் கணக்குப் போட்டேன். நம்பாமல் இன்னொரு முறை காகிதத்தில் போட்டேன். அந்தப் பக்கத்துக்கு இன்னும் பதினாறு நாள் உயிர் இருந்தது. ஆவணி முதல் முகூர்த்தம், காலை 9.40-க்குச் சாக வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் கொடுத்த ஆயுள் அரை மணி. அப்படியென்றால் அந்தப் பக்கம் ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலை 9.10-க்குப் பிறந்திருக்கிறது. அந்த நாள் இன்னும் வரவே இல்லை.

சார் சுவரில் தொங்கிய தினக்காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நோட்டை எடுத்து, காலண்டருக்குப் பக்கத்தில் பிடித்தார். வெள்ளி பத்தரை – பன்னிரண்டு. புதன் பன்னிரண்டு – ஒன்றரை. என் புகார்கள் எல்லாம் அந்தந்த நாள் ராகு காலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றன. திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். அலுவலகம் திறப்பதே ஒன்பது மணிக்குத்தான்.

"அம்மா, வரன் பதியும்போது மணியப் பாப்பீகளா?" என்று சார் மரகதம் அக்காவிடம் கேட்டார்.

"எந்த மணி சார்? சொவத்துல உள்ளதா, பொட்டியில உள்ளதா?"

"பொட்டியில உள்ளது."

"அத மாத்திக்கிருவேன்" என்றார் அக்கா, தண்ணீர் குடிப்பேன் என்பது போல. "முந்தி நோட்டுல எழுதையில நல்ல நேரமாப் பாத்து நானே எழுதிருவேன். இதுல அதுவா அடிச்சுருது. ராகு காலத்துல அடிச்ச சீட்ட யாரு சார் வாங்குவாக? கீழ ஓரத்துல மணி இருக்குல்ல, அதத் தட்டி முன்னால தள்ளி வச்சு, சீட்ட அடிச்சுட்டு, திருப்பி வச்சுருவேன். ஒரு நாளும் திருப்பி வைக்க மறந்ததில்ல."

மறந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம். கடிகாரம் முன்னால் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் யாராவது ஒரு பட்டியலைத் திறந்தால், அந்தப் பக்கம் தள்ளிவைத்த மணியிலிருந்து அரை மணி கணக்குப் பண்ணிக்கொள்ளும். அக்கா கடிகாரத்தைத் திருப்பிவிடுவார். பக்கத்துக்குத் திருப்ப ஆளில்லை. ராகு காலத்துக்காகத் தள்ளினால் ஒன்றரை மணி நேரம் கூடுதல் ஆயுள். ஆடிக்காக ஆவணிக்குத் தள்ளினால் முப்பத்து நான்கு நாள்.

"ஆடியில யாரு பதிஞ்சா?" என்றேன்.

அக்கா பணம் வாங்கும் பதிவேட்டைப் புரட்டினார், அதில் மட்டும் நிஜத் தேதியும் மணியும் இருக்கும். ஆடி முழுவதும் ஒரே ஒருவர்தான். மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை. வெளிநாடு போகப்போகும் இளைய மகனுக்காக வந்த கடமலைக்குண்டு பெருமாள்சாமி. கவிதாவின் மாமனாராக வரப்போகிறவர். அடுத்த வாரம் பையனுக்கு விமானம், ஆடி முடியும்வரை காத்திருக்க முடியாது, ஆனால் சீட்டில் ஆடி இருக்கக் கூடாது. சீட்டை வாங்கியதும், "மூத்தவனுக்கு நர்ஸ் அமைஞ்சிருச்சு, சின்னவனுக்கும் அதையே பாருங்கம்மா" என்றாராம். அக்கா அங்கேயே, பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில், அந்தப் பட்டியலைத் திறந்து காட்டியிருக்கிறார். கடிகாரம் ஆவணியில் நின்றது. கவிதா அப்போது பட்டியலில் இருந்தாள். மதியம்தான் முத்தையா வந்தார்.

முத்தையாவுக்குப் பாதி புரிந்தது. தன் மகள் மேல் தப்பில்லை என்ற பாதி. அப்போதுதான் உட்கார்ந்தார். மரகதம் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவரைத் திட்ட முதலாளி வாயெடுத்தார். "அவுக மேல குத்தமில்ல" என்றார் சார். "சீட்டுல என்ன மணி வரணும்னு நம்ம அவுகளக் கேக்கல. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாக. நம்ம ஒரு பொய்யச் சொல்லி ஒண்ண நிறுத்தி வச்சிருக்கோம்." நோட்டில் அவர் கையாலேயே எழுதினார்: காரணம், நாங்கள்.

மறுநாள் சாரும் நானும் கடமலைக்குண்டுக்குப் பஸ் ஏறினோம். கோப்பை அச்செடுத்து, பதிவேட்டின் நகலோடு கொண்டுபோனோம். பெருமாள்சாமி வீட்டு வாசலில் இலவம் பஞ்சு மூட்டைகள் அடுக்கியிருந்தன. நான் கேச் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் அவர் கண் பஞ்சு மூட்டைக்குப் போய்விட்டது. சார் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தானே சொன்னார்.

"பூச்சி மருந்து டப்பாவுல கெடு தேதி போட்டிருக்கும்ல? மருந்து அடைக்கிற அன்னைக்கு ஒருத்தன் காலண்டரு ஒரு மாசம் தள்ளி நின்னுச்சுன்னு வைங்க. கெடுவும் ஒரு மாசம் தள்ளித்தான் விழுகும். உள்ளுக்குள்ள மருந்து கெட்டுப் போயிருக்கும். டப்பா நல்லாருக்குன்னு சொல்லும். அந்தப் பொண்ணு பேர அப்பவே எடுத்தாச்சு. டப்பாதான் இருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கு."

"காலண்டரத் தள்ளுனது யாரு?"

"உங்க சின்னவரு சீட்டுக்காகத் தள்ளுனாக."

பெருமாள்சாமி உள்ளே போய்ச் சீட்டை எடுத்து வந்தார். குங்குமம் இன்னும் இருந்தது. வெகுநேரம் பார்த்தார். "அப்பன்னா, நெசத்துல இது என்னைக்குப் பதிஞ்சது?"

"ஆடி மூணு. வெள்ளிக்கெழம, பதினோரு மணி பத்து நிமிசம்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "ராகு காலம் வேறயா" என்றார். அவர் மனைவி அப்படியே மூட்டையில் சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கால் மணி நேரம் பேச்சு முழுவதும் சின்னவன் பதிவை எப்படி மறுபடி பதிவது என்பதைப் பற்றியே நடந்தது. கவிதா விஷயம் எப்போது முடிந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கிளம்பும்போது, "பொண்ணு மேல ஒண்ணுமில்லன்னு ஆயிப்போச்சு. நிச்சயம் சொன்ன தேதியில நடக்கும்னு சொல்லிருங்க" என்றார்.

மாப்பிள்ளை எங்களைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார். நல்ல பையன், அமைதி. "நான் மொதல்ல இருந்தே நம்பல சார்" என்றார். "வீட்டுல பெரியவுக பேசிக்கிட்டிருந்தாக. அவுகளே பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்னு இருந்துட்டேன்." எனக்கு அது நல்ல வார்த்தையாகப் பட்டது. மனதில் குறித்துக்கொண்டேன்.

அன்றே வந்து மூன்று திருத்தம் செய்தேன். சர்வரின் கடிகாரத்தை யாரும் தொட முடியாதபடி பூட்டினேன். சீட்டில் நல்ல நேரத்துக்கு என்று தனியாக ஒரு கட்டம் வைத்தேன். அக்கா அதில் எந்த யுகத்தை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஒரு பெயரைச் சேர்த்தாலும் எடுத்தாலும், அது இருக்கும் பட்டியல் பக்கங்களெல்லாம் அந்த நொடியே அழியும்படி செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

மறுநாள் காலை நான் மையத்தில் இருக்கும்போது கவிதா வந்தாள், வேலைக்குப் போகிற வழியில். முத்தையா கீழே மொபெட்டில் இருந்தார். எங்களுக்காக ஒரு பை நிறையத் திராட்சை கொடுத்தனுப்பியிருந்தார். அவள் அதை மேசையில் வைத்தாள். கடமலைக்குண்டில் நடந்ததைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பூச்சி மருந்து டப்பாவுக்குச் சிரித்தாள்.

"அவரு என்ன சொன்னாரு சார்?"

நல்ல செய்தி என்று நினைத்து, பஸ் நிறுத்தத்தில் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவள் சிரிப்பை நிறுத்தி, பையின் வாயை முடிச்சுப் போட்டாள். பிறகு, "அவுக சித்தப்பா அந்தக் காயிதத்தக் கொண்டாந்து காமிச்ச அன்னைக்கே அவருகிட்ட எம்போன் நம்பர் இருந்துச்சு" என்றாள். "நம்பலன்னா ஒரு போன் போட்டிருக்கலாம்ல. எங்கப்பா அத்தன நாளும் சாப்பிடல."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை.

"எம்பேரத் திரும்ப ஏத்தணும் சார்."

மரகதம் அக்கா பதறிப்போனார். "ஆத்தா, ஆடி முடியட்டும். நாளப் பாத்து…"

"அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேம்மா" என்றேன் நான்.

"பேரு என்னுதுதான சார். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க ஏத்துங்க."

அக்கா விசைப்பலகையில் கை வைக்கவில்லை. நான்தான் தட்டினேன். பெயர், நட்சத்திரம், உயரம், படிப்பு, வேலை. எல்லாவற்றையும் அவளே வரிசையாகச் சொன்னாள், குரல் மாறவில்லை. சேமித்ததும் பட்டியலைத் திறந்தேன். பெயர் வந்திருந்தது. திருத்தம் சரியாக வேலை செய்தது. கீழே முத்தையா பக்கத்துக் கடைக்காரரிடம் நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை இலை ஆகும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது மாடிவரை கேட்டது. அந்த ஒரு நாள் மட்டும் பழைய பக்கமே இன்னும் அரை மணி நேரம் வந்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது.